கரிசல் மண்ணில் இல்ல வலையமைப்பு: வடமும் இணைப்பியும்

முன்னுரை

செய்தியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு சேர்ப்பதில் மனிதன் கண்டுள்ள வளர்ச்சி வியப்பிற்குரியது. முரசறைந்து செய்தி சொன்ன காலம் மாறி அஞ்சல் வந்தது, தந்தி வந்தது, தொலைபேசி வந்தது. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கிற்று. அன்று சில பெருநகரங்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த அச்சேவை, இன்று கரிசல் காட்டுச் சிற்றூரின் வீட்டு வாசல் வரை வந்து நிற்கின்றது. வாசல் வரை வந்த அது வீட்டிற்குள் செம்மையாகச் செல்கின்றதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

கோவில்பட்டி, எட்டயபுரம், கயத்தாறு, விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் எனப் பரந்து கிடக்கும் கரிசல் நிலம் வானம் பார்த்த பூமியாகும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றின் காரணமாகக் கல்விக்கூடங்கள் மூடப்பட்டுப் பாடங்கள் கைப்பேசி வழியே நடைபெற்றபோது, இணையம் செல்வர் வீட்டுப் பொருள் என்னும் எண்ணம் மறைந்தது. அதன்பின் சிற்றூர்களிலும் பலர் தம் இல்லங்களுக்கு ஒளியிழை இணைப்புப் பெற்றனர். ஆயினும், “மாதந்தோறும் பணம் கட்டுகிறோம், உள்ளறையில் மட்டும் எடுப்பதில்லை” என்னும் குறை பரவலாகக் கேட்கப்படுகின்றது. பல வேளைகளில் இக்குறைக்குக் காரணம் வெளியிலிருந்து வரும் இணைப்பு அன்று. சுவருக்குள் ஓடும் வடமும் அதன் முனையில் மாட்டப்பட்ட இணைப்பியுமே ஆகும்.

வீடு என்பது ஒரு குடும்பம் பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறை கட்டுவது. தீப்பெட்டி ஆலையிலும் நூற்பாலையிலும் உழைத்துச் சேர்த்த பொருளும், பிள்ளைகள் அயல்நாடு சென்று அனுப்பிய பொருளும் அச்சுவர்களாக எழுகின்றன. தரமற்ற வடத்தைச் சுவருக்குள் பதித்துப் பூசிவிட்டால், அதனை மாற்றுவதற்குக் கட்டிய சுவரையே உடைக்க நேரும். எனவே இது பொறியாளர் மட்டும் அறிய வேண்டிய செய்தியன்று. வீடு கட்டும் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய செய்தியாகும். அதனை எளிய முறையில் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊர் வரை வந்த ஒளியிழை

ஊராட்சிகள் அனைத்தையும் ஒளியிழையால் இணைக்கும் திட்டத்திற்கு நடுவண் அரசு 2011ஆம் ஆண்டு அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. தேசிய ஒளியிழை வலையமைப்பு என்று முதலில் வழங்கிய அத்திட்டம் பின்னர்ப் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் இதனைச் செயற்படுத்துவதற்காக 2018ஆம் ஆண்டு தமிழ்நாடு கண்ணாடியிழை வலையமைப்பு நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளையும் இணைத்தல் அதன் குறிக்கோளாகும். இதனோடு பிற அரசு, தனியார் நிறுவனங்களின் ஒளியிழைகளும் மின்கம்பங்கள் வழியாகவும் மண்ணுக்கடியிலும் ஊர்களுக்குள் வருகின்றன.

ஒளியிழை என்பது மயிரிழை போன்ற கண்ணாடி நூல். அதனுள் மின்சாரம் செல்வதில்லை, ஒளியே செல்கின்றது. மிகத் தூய கண்ணாடியின் வழியே ஒளியைத் தொலைதூரம் செலுத்தலாம் என்பதை 1966ஆம் ஆண்டில் ஆய்ந்து கூறிய சார்லசு காவ் என்பார்க்கு 2009ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. கம்பத்திலிருந்து வீட்டிற்கு வரும் இவ்விழை ஒரு சிறு பெட்டியில் முடிகின்றது. அப்பெட்டி ஒளியை மின்குறியாக மாற்றித் தருகின்றது. அதிலிருந்து அறைகளுக்குச் செல்வது செப்புக் கம்பி வடம். ஆக, ஓர் இல்லத்தில் கண்ணாடி, செம்பு என இருவகை வடங்கள் உள்ளன. இரண்டிற்கும் வெவ்வேறு இணைப்பிகள் உள்ளன. இவ்வேறுபாட்டை முதற்கண் மனங்கொள்ளுதல் வேண்டும்.

கம்பியின்றிக் காற்று வழியே வரும் வைஃபை இருக்கும்போது வடம் எதற்கு என்று சிலர் வினவுவர். வைஃபை அலைகள் சுவரைக் கடக்கும்போது வலுவிழக்கின்றன. தொலைவு செல்லும் 2.4 கிகாஹெர்ட்சு அலை நெரிசல் மிக்கது. விரைவு மிக்க 5 கிகாஹெர்ட்சு அலை இரண்டு மூன்று சுவர்களைத் தாண்டுவதற்குள் தளர்ந்துவிடும். கல்லும் செங்கல்லும் கொண்டு கனமாக எழுப்பிய சுவர்களும் கான்கிரீட் தளமும் உள்ள நம் வீடுகளில் இத்தளர்ச்சி மிகுதி. மாடிக்கு ஒரு வடம் கொண்டுசென்று, அங்கு மற்றொரு வைஃபைப் பெட்டி வைப்பதே நிலையான தீர்வாகும். எனவே வைஃபையும் வடமும் பகையல்ல. வடத்தின் தோளில் ஏறி நிற்பதே வைஃபை எனலாம்.

முறுக்கின் பயன்

கோவில்பட்டி நூற்பாலைகளை அறிந்தவர்க்கு முறுக்கின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. முறுக்கேறாத பஞ்சு இழுத்தால் பிரிந்துவிடும். முறுக்கேறிய நூல் தாங்கும். வலையமைப்பு வடத்திலும் முறுக்கே உயிர். ஆனால் இங்கு அது வலிமைக்காக அமைந்ததன்று. இரைச்சலைத் தவிர்ப்பதற்காக அமைந்தது.

வடத்தின் உறையைக் கிழித்துப் பார்த்தால் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு இணைகளாகத் தோன்றும். ஓர் இணையின் இரு கம்பிகளிலும் ஒரே குறி எதிரெதிராகச் செல்கின்றது. அருகிலுள்ள மின்கம்பியோ மின்மோட்டாரோ எழுப்பும் இரைச்சல், முறுக்கின் காரணமாக இரு கம்பிகளிலும் ஏறத்தாழச் சமமாகவே படிகின்றது. மறுமுனையில் உள்ள கருவி இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் நீங்கிச் செய்தி மட்டும் எஞ்சுகின்றது. தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல் 1881ஆம் ஆண்டிலேயே இம்முறுக்கிணை முறைக்குக் காப்புரிமை பெற்றார் என்பது அறியத்தக்கது. 1973ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றிய ஈதர்நெட் என்னும் வலையமைப்பு முறை முதலில் வேறு வகை வடத்தில் ஓடியது; 1990ஆம் ஆண்டளவில் அது முறுக்கிணை வடத்திற்கு மாறியது.

இம்முறுக்கின் செறிவையும் செய்நேர்த்தியையும் கொண்டே வடங்கள் வகைப்படுத்தப்படுகின்றன. கேட் 5இ வடம் 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட் செய்தியைக் கடத்தும். கேட் 6 வடமும் அதே தொலைவில் 1 கிகாபிட் கடத்தும். 55 மீட்டருக்குள் 10 கிகாபிட்டையும் தாங்கும். கேட் 6ஏ வடம் 100 மீட்டர் முழுதும் 10 கிகாபிட் கடத்தவல்லது. இன்றைய இல்லத்தின் தேவைக்குக் கேட் 5இ போதுமானது. எனினும் சுவருக்குள் பதிப்பது இருபது ஆண்டேனும் இருக்க வேண்டுவதாதலின் கேட் 6 வடத்தைத் தேர்தல் அறிவுடைமையாகும். கேட் 7, கேட் 8 என விற்கப்படுவனவற்றிற்குக் கூடுதல் விலை கொடுத்தல் வீண். கேட் 8 என்பது கணிப்பொறி மையங்களில் 30 மீட்டர் வரையிலான குறுந்தொலைவிற்கென்றே அமைந்தது.

செம்பும் போலியும்

பொன் வாங்கும்போது உரைத்துப் பார்ப்பது நம் வழக்கம். வடம் வாங்கும்போதும் அவ்வாறே உரைத்துப் பார்த்தல் வேண்டும். அலுமினியக் கம்பியின்மேல் செம்பை மெல்லியதாகப் பூசிச் செப்பு வடம் போலவே தோன்றச் செய்த வடங்கள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. இவை சிசிஏ எனக் குறிக்கப்படும். அலுமினியத்தின் மின்கடத்துதிறன் செம்பில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே ஆகும். மேலும் அது எளிதில் முறியும். காற்றுப்பட்டால் அதன்மீது மின்கடத்தாப் படலம் படரும். வலையமைப்பு வடங்களுக்கான பன்னாட்டுத் தரவிதிகள் திண்செம்பையே வேண்டுகின்றன; சிசிஏ வடத்தை அவை ஏற்பதில்லை.

கண்காணிப்புக் காமிரா, வைஃபைப் பெட்டி முதலியவற்றிற்கு அதே வடத்தின் வழியே மின்சாரமும் அனுப்பும் முறை இன்று பெருகியுள்ளது. 2003ஆம் ஆண்டின் தரவிதிப்படி 15.4 வாட்டும், 2009ஆம் ஆண்டின் விதிப்படி 30 வாட்டும் இவ்வாறு அனுப்பலாம். மின்தடை மிகுந்த சிசிஏ வடத்தில் இம்மின்சாரம் வெப்பமாக வீணாகின்றது. காமிராவிற்குப் போதிய மின்னழுத்தம் சென்று சேர்வதில்லை. கட்டுக்கட்டாகச் செல்லும் இடங்களில் அவ்வெப்பம் தீங்கும் விளைவிக்கலாம்.

போலியைக் கண்டறிதல் எளிது. கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டினால் செம்பு உள்ளும் புறமும் சிவந்தே இருக்கும். சிசிஏ கம்பியில் வெள்ளை தெரியும். ஒரே இடத்தில் பல முறை மடக்கி நிமிர்த்தினால் செம்பு தாங்கும். அலுமினியம் விரைவில் முறியும். செம்பின் அடர்த்தி அலுமினியத்தைப் போல மும்மடங்கிற்கும் மேலாதலால், ஒரே நீளமுள்ள இரு சுருள்களைக் கையில் தூக்கிப் பார்த்தே வேறுபாட்டை உணரலாம். “முழுச் செம்பா?” என்று கடைக்காரரிடம் கேட்டு, அவ்வாறே பட்டியலில் எழுதி வாங்குதல் நலம்.

முழுச் சுருள் என்பது 305 மீட்டர், அதாவது ஆயிரம் அடி. ஒரு வீட்டில் நான்கு இடங்களுக்கு, இடத்திற்குப் பதினைந்து மீட்டர் என்று கொண்டால் 60 மீட்டர் ஆகும். விடுதலும் வீணும் சேர்த்து 70 மீட்டர் எனலாம். ஆக ஒரு சுருள் நான்கு வீடுகளுக்குப் போதும். ஒரே தெருவில் வீடு கட்டும் உறவினரும் நண்பரும் கூடி ஒரு நற்சுருள் வாங்கிப் பகிர்ந்துகொண்டால், போலியை நாட வேண்டிய தேவையே எழாது.

எட்டுக் கம்பிகளின் வரிசை

வடத்தின் முனையில் மாட்டப்படும் எட்டுத் தொடுமுனைகள் கொண்ட ஒளிபுகும் செருகியை ஆர்ஜே 45 என்று வழங்குவர். இதில் கம்பிகளை வைக்கும் வரிசைக்கு இரண்டு முறைகள் உள. டி568பி என்னும் முறையில் ஒன்று முதல் எட்டு வரை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. டி568ஏ முறையில் ஆரஞ்சு இணையும் பச்சை இணையும் இடம் மாறும், ஏனையவற்றில் மாற்றமில்லை. இரண்டனுள் எதனைக் கொள்ளினும் குற்றமில்லை. ஆனால் வீடு முழுதும், ஒவ்வொரு வடத்தின் இரு முனைகளிலும், ஒரே முறையைப் பின்பற்றுதல் இன்றியமையாதது. கடைகளில் கிடைக்கும் ஆயத்த வடங்கள் பெரும்பாலும் டி568பி முறையிலேயே அமைந்துள்ளன.

வரிசையில் நீலம் இருமருங்கும் பச்சைக்கிடையே நிற்பதேன் என்று மாணவர் கேட்கக்கூடும். பழைய தொலைபேசி இணைப்பில் நடு இரு முனைகளே பயன்பட்டன. அம்மரபைக் காத்தற்பொருட்டு நான்காம் ஐந்தாம் இடங்கள் நீல இணைக்கு ஒதுக்கப்பட்டன. பச்சை இணை அதனைச் சூழ்ந்து மூன்றிலும் ஆறிலும் அமர்ந்தது. இதனையறியாத சிலர், இணை இணையாக வரிசைப்படுத்தினால் போதும் என்றெண்ணி இரு முனைகளிலும் ஒரே வகையாகத் தவறான வரிசையை வைத்துவிடுகின்றனர். எளிய சோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் முறையாக எரியும். ஆனால் ஒரு குறியின் இரு கம்பிகளும் வெவ்வேறு முறுக்குகளில் பிரிந்து செல்வதால் இரைச்சல் புகுந்து, இணைப்பு அடிக்கடி அறுபடும். விளக்கு எரிவது மட்டுமே சான்றாகாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

இணைப்பியைத் தேரும் நான்கு வினாக்கள்

கடையில் சென்று “ஆர்ஜே 45 பத்துக் கொடுங்கள்” என்று கேட்பதே பலர் வழக்கம். எல்லா ஆர்ஜே 45 செருகிகளும் தோற்றத்தில் ஒன்றே, அமைப்பில் ஒன்றல்ல. வாங்குமுன் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும்.

முதலாவது, கம்பி ஒற்றைத் திண்கம்பியா, மெல்லிழைகள் பல சேர்ந்த கம்பியா? சுவருக்குள் ஓடும் வடம் திண்கம்பியால் ஆனது. மேசைமேல் வளைந்து நெளியும் குறுவடம் இழைக்கம்பியால் ஆனது. இழைக்கம்பிக்கான செருகியின் பற்கள் கம்பியின் நடுவே குத்தி இறங்கும். திண்கம்பிக்கான செருகியின் பற்கள் கம்பியின் இருபுறமும் கவ்விப் பிடிக்கும். இழைக்கம்பிச் செருகியைத் திண்கம்பியில் மாட்டினால், பல் கம்பியின்மேல் சறுக்கி நின்றுவிடும். முதல் நாள் வேலை செய்யும். கோடை வெப்பத்தில் விரிந்து சுருங்கிச் சில திங்களில் தொடர்பு விட்டுப் போகும்.

இரண்டாவது, கம்பியின் பருமன் என்ன? கேட் 5இ கம்பியின் செம்பு ஏறத்தாழ 0.51 மில்லிமீட்டர் விட்டமுடையது. கேட் 6 கம்பி பெரும்பாலும் 0.57 மில்லிமீட்டர். வேறுபாடு சிறிதாயினும், கேட் 5இ செருகியின் துளைக்குள் கேட் 6 கம்பியின் காப்புறை நுழைய மறுக்கும். வலிந்து நுழைத்தால் வரிசை குலையும்.

மூன்றாவது, செருகியின் தரவகை வடத்தின் தரவகையோடு ஒத்துள்ளதா? கேட் 6 வடத்தின் முனையில் கேட் 5இ செருகியை மாட்டினால் அவ்விணைப்பு முழுதும் கேட் 5இ தரத்திற்கே இறங்கிவிடும். சங்கிலியின் வலு அதன் மெலிந்த கண்ணியளவே என்பது இங்கும் பொருந்தும்.

நான்காவது, வடத்திற்கு உலோகக் கவசம் உண்டா? கவசமுள்ள வடத்திற்கு உலோக உறையுள்ள செருகியும், முறையான தரைத்தொடர்பும் வேண்டும். தரைத்தொடர்பு இல்லாத கவசம் பயன் தராது. சில வேளைகளில் இரைச்சலை ஈர்க்கும் அலைவாங்கியாகவே மாறிவிடும். சாதாரண இல்லத்திற்குக் கவசமற்ற வடமே ஏற்றது.

இவ்வினாக்களினின்று எளிய வழியொன்று புலனாகின்றது. சுவர் வடத்தின் முனையில் செருகியை மாட்டாமல், சுவர்ப்பெட்டியில் ஏற்பி ஒன்றைப் பொருத்தி முடிப்பதே அது. ஏற்பியின் பின்புறத்தில் வண்ணக் குறிப்பு அச்சிடப்பட்டிருக்கும். அதன்படி கம்பிகளை அழுத்துகருவியால் இருத்தினால் போதும். முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரித்தல் கூடாது. ஏற்பியிலிருந்து கணிப்பொறிக்கு ஆலையில் செய்த ஆயத்தக் குறுவடத்தை வாங்கி மாட்டிக்கொள்ளலாம். திண்கம்பி அசையாமல் சுவருக்குள் இருக்கும். அசையும் வேலையை இழைக்கம்பி ஏற்கும். 100 மீட்டர் எல்லை என்பதும் சுவர் வடம் 90 மீட்டர், இரு முனைக் குறுவடங்கள் 10 மீட்டர் எனக் கணக்கிடப்பட்டதேயாகும்.

மற்றொரு குறிப்பும் உண்டு. பழைய தொலைபேசியின் சிறிய செருகி வலையமைப்பு ஏற்பிக்குள் நுழையும். நுழைவதெல்லாம் பொருந்துவதாகாது. அச்செருகியின் ஓரம் ஏற்பியின் முதலாம் எட்டாம் தொடுமுனைகளை நசுக்கிவிடக்கூடும். பிள்ளைகளுக்கு இதனை எடுத்துக் கூறுதல் வேண்டும்.

பச்சையும் நீலமும்

ஒளியிழைக்கான இணைப்பிகளுள் இல்லங்களில் மிகுதியும் காணப்படுவது எஸ்சி வகையாகும். இது நீலம், பச்சை என இரு நிறங்களில் வரும். நீல இணைப்பியில் இழையின் முகம் நேராகத் தேய்க்கப்பட்டிருக்கும். பச்சை இணைப்பியில் அம்முகம் 8 பாகை சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும். முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி வந்த வழியே செல்லாது விலகிப்போதற்பொருட்டே இச்சாய்வு அமைக்கப்பட்டது. இரண்டும் ஒரே அளவினவாதலால் பச்சையை நீலத்துள் செருக இயலும். ஆனால் சாய்ந்த முகமும் நேரான முகமும் ஒட்டாமல் இடையே காற்று நிற்கும், ஒளி குன்றும், முகமும் கீறுபடலாம். பச்சைக்குப் பச்சை, நீலத்திற்கு நீலம் என்பதே விதி.

கண்ணாடி இழையின் நடுவே ஒளி செல்லும் பகுதி ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர் அளவினது. கரிசல் காட்டுப் புழுதியின் ஒரு துகள் அதனை மறைக்கப் போதும். ஆகவே மாட்டாத இணைப்பிக்கு மூடியிடுதலும், மாட்டுமுன் உரிய துடைப்பானால் துடைத்தலும் வேண்டும். விரலால் தொடுதல் ஆகாது. இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தலும் ஆகாது. அதில் செல்லும் ஒளி கண்ணுக்குப் புலப்படாதது, எனினும் கண்ணுக்குத் தீங்கு தரவல்லது.

கரிசல் மண்ணும் இடிமழையும்

கரிசல் மண் நீரைக் குடித்துப் பருக்கும். கோடையில் காய்ந்து சுருங்கிக் கால் நுழையுமளவு வெடிக்கும். அதிலுள்ள மாண்ட்மொரில்லோனைட் என்னும் களிமண் கனிமமே இதற்குக் காரணம். நன்முறையில் அடித்தளமிடாத சுவர்கள் இதனால் வெடிப்பதை நம் ஊர்களில் காண்கின்றோம். மண்ணுக்கடியில் வடம் கொண்டுசெல்வோர் இவ்வசைவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வடத்தை நேரே புதைக்காமல் நெகிழ்வான கரிய பாலித்தீன் குழாய்க்குள் செலுத்துதல், இரு முனைகளிலும் ஒன்றிரண்டு மீட்டர் தளர்வாக விடுதல், குழாய் சுவருக்குள் நுழையுமிடத்தில் இறுகப் பூசிவிடாமல் சிறிது இடம்விட்டு நெகிழும் பொருளால் அடைத்தல் ஆகியன நன்மை தரும்.

வெயிலில் ஓடும் வடத்திற்குக் கதிர் தாங்கும் கரிய புறவுறை வேண்டும். வீட்டினுள் பயன்படுத்தும் சாம்பல் நிற வடம் மொட்டை மாடியில் சில கோடைகளிலேயே வெடித்து நொறுங்கும். துளையின் வழியே உள்ளே வரும் வடத்தை வாசலுக்குச் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலேற்றிச் செலுத்தினால் மழைநீர் அதன்வழி உட்புகாமல் கீழே சொட்டிவிடும்.

கோடை மழையும் ஐப்பசி கார்த்திகை அடைமழையும் இடியோடு வருவன. ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டிற்கோ தோட்டத்துப் பம்புசெட் அறைக்கோ செப்பு வடத்தை வெளியே இழுத்தல் ஏதம் பயப்பதாகும். அருகில் இடி விழுந்தால் இரு கட்டடங்களின் நிலமின்னழுத்தம் வேறுபட்டு, அவ்வடத்தின் வழியே மின்சாரம் பாய்ந்து இருமுனைக் கருவிகளையும் எரித்துவிடும். கட்டடங்களுக்கிடையே உலோகம் கலவாத ஒளியிழையைக் கொண்டுசெல்வதே தக்கது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. 100 மீட்டருக்கு மேற்பட்ட தொலைவிற்கும் அதுவே தீர்வாகும். ஒளியிழையைத் தாங்கும் எஃகுக் கம்பியை வீட்டின் வெளிச்சுவரிலேயே நிறுத்திவிடுதல் வேண்டும்.

வீட்டின் எர்த் குழியையும் மறத்தலாகாது. ஈரமான கரிசல் மண் மின்சாரத்தை நன்கு உள்வாங்கும். ஆனால் சித்திரை வைகாசியில் மண் சுருங்கி எர்த் கம்பியை விட்டு விலகிவிடும். கரிசலில் கோடையில் குழிக்கு நீர் ஊற்றுதல் கடமையாகும்.

சுவரில் பதிக்கும் முறை

தளத்திற்குக் கான்கிரீட் போடுமுன்னும் சுவருக்குப் பூச்சுப் பூசுமுன்னும் வரைபடம் ஒன்று வரைந்துகொள்ள வேண்டும். ஒளியிழைப் பெட்டி எங்கு அமையும், எந்தெந்த அறைக்கு வடம் செல்லும் என்பதை அதில் குறித்தல் வேண்டும். பின்னர்க் காடி எடுத்து 25 மில்லிமீட்டர் குழாய் பதித்து, உள்ளே ஓர் இழுகம்பியை விட்டுவைத்தல் வேண்டும். இன்று வடம் வாங்கப் பணமில்லையாயினும் குழாயை மட்டுமேனும் பதித்துவிடலாம். குழாய் இருப்பின் எக்காலத்தும் பழைய வடத்தை உருவிப் புதிய வடத்தைச் செலுத்த இயலும். குழாயின்றிப் பூசிய வடம் சுவரோடு ஒன்றாகிவிடும்.

230 வோல்ட்டு மின்கம்பி செல்லும் குழாயில் இவ்வடத்தைச் செலுத்துதல் அறவே கூடாது. இது விரைவைப் பற்றியது மட்டுமன்று, உயிரைப் பற்றியதுமாகும். மின்கம்பிக் குழாயினின்று ஓரடியேனும் விலகிச் செல்லுதலும், குறுக்கிட நேர்ந்தால் செங்கோணத்தில் கடத்தலும் முறை. வடத்தின் விட்டத்தைப் போல நான்கு மடங்கிற்குக் குறைந்த வளைவு ஆகாது. ஏறத்தாழ 11 கிலோகிராம் எடையின் இழுவிசைக்கு மேல் இழுத்தல் கூடாது. கிணற்றுக் கயிறு போல இழுத்தால் உள்ளிருக்கும் முறுக்கு நீண்டு தளர்ந்துவிடும்.

பணி முடிந்ததும் ஒவ்வொரு வடத்தின் இரு முனைகளிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்ட வேண்டும். சோதனைக் கருவியால் எட்டுக் கம்பிகளையும் பார்த்தபின், கணிப்பொறியை மாட்டி இணைப்பு விரைவையும் பார்த்தல் வேண்டும். 1000 என்று காட்ட வேண்டிய இடத்தில் 100 என்று காட்டினால் நான்கு இணைகளில் ஏதோ ஒன்று பழுதுபட்டுள்ளது என்பது பெரும்பாலும் பொருள். 100 மெகாபிட் விரைவிற்கு இரண்டு இணைகளே போதும். 1 கிகாபிட்டிற்கு நான்கும் வேண்டும். கொத்தனார் பூசுமுன் இச்சோதனை முடிந்திருத்தல் நலம்.

பணியாளர் மொழி

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் இடம்பெறுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இவ்வேலையைச் செய்வோர் நம் ஊர் இளைஞர்கள். “காடி எடு”, “முறுக்கைப் பிரிக்காதே”, “பச்சைக் கனெக்டர் கொண்டா” என்று அவர்கள் பேசும் மொழியில் அயற்சொல்லும் கரிசல் சொல்லும் கைகோத்து நிற்கின்றன. இடைசெவல் தந்த கி. ராஜநாராயணன் உழவர் வாயிலிருந்தும் தச்சர் வாயிலிருந்தும் சொற்களைத் திரட்டிக் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி தொகுத்தார். அவ்வழியில், வடம் இழுப்போர் வாய்மொழியையும் நம் மாணவர்கள் தொகுக்கலாம். செருகி, ஏற்பி, குறுவடம், முறுக்கிணை என இக்கட்டுரை ஆண்ட சொற்கள் பணியாளர் நாவில் ஏறுமா என்பதை அவர்களே சொல்ல வேண்டும். துறையறிவு தாய்மொழியில் கிடைக்குமாயின், பொருளின் தரத்தைக் கேட்டு வாங்கும் துணிவு வீட்டுத் தலைவிக்கும் வரும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைப் பின்வருமாறு தொகுத்துக் கூறலாம்.

1. இல்லத்திற்கு முழுச் செம்பாலான, கவசமற்ற கேட் 6 வடம் ஏற்றது. சிசிஏ வடம் எவ்விலைக்கும் ஏற்றதன்று.

2. செருகியும் ஏற்பியும் வடத்தின் கம்பிவகை, பருமன், தரவகை ஆகியவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும்.

3. வண்ண வரிசையில் வீடு முழுதும் ஒரே முறையைக் கைக்கொள்ள வேண்டும்.

4. ஒளியிழையில் பச்சையோடு பச்சையும் நீலத்தோடு நீலமுமே சேரும்.

5. கட்டடங்களுக்கிடையே செம்பு வேண்டா, கண்ணாடியே வேண்டும்.

6. பணம் குறைவாயின் வடத்தைத் தள்ளிப்போடலாம், குழாயைத் தள்ளிப்போடலாகாது.

மாணவ நண்பர்கள் ஓர் அழுத்துகருவியும் சோதனைக் கருவியும் கொண்டு இத்தொழிலைச் சில நாள்களில் பழகிக்கொள்ளலாம். தம் வீட்டிற்கும் அண்டை வீட்டிற்கும் அது பயன்படும். கற்கும் காலத்தில் கைச்செலவிற்கும் உதவும். பெரியோர்கள் வீடு கட்டத் தொடங்குமுன் கொத்தனாரையும் மின்பணியாளரையும் ஒருசேர அமர்த்தி, மேற்கண்ட ஆறு கருத்துகளையும் பேசி முடிவு செய்வாராயின், பூசிய சுவரை மீண்டும் உடைக்கும் நிலை நேராது.